பெங்களூரில் முதல் வீடு: நேரில் பார்க்காமல் பணம் அனுப்பலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது, ஊர் கோவில்பட்டி பக்கம். பெங்களூரில் பெல்லந்தூர் அவுட்டர் ரிங் ரோட்டில் இருக்கும் ஐடி கம்பெனியில் முதல் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று வாரத்தில் சேர வேண்டும். கைக்கு 46,000 ரூபாய் வரும். அதே ஏரியாவில் வேலை கிடைத்த கல்லூரித் தோழியோடு சேர்ந்து வீடு எடுக்கலாம் என்று திட்டம். இரண்டு பேரும் பெங்களூரைப் பார்த்ததே இல்லை. ஆன்லைனில் ஒரு வீடு ரொம்பப் பிடித்தது: கேட்டட் கம்யூனிட்டி, இரண்டு பெட்ரூம், சோபா, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து வாடகை 17,000 ரூபாய்தான். உரிமையாளர் ராணுவத்தில் இருக்கிறாராம், ஜம்முவுக்கு மாற்றலாகிவிட்டதால் நேரில் காட்ட முடியாது என்கிறார். ஆதார், ராணுவ அடையாள அட்டை இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினார். வீட்டைப் பார்க்கப் போக கேட் பாஸுக்கு 3,500, பிடித்துவைக்க டோக்கன் 15,000 கேட்கிறார். வேறு யாரும் முந்துவதற்குள் அனுப்பிவிடு என்கிறார் அப்பா. அம்மாவோ பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கு, தமிழ் ஆட்கள் இருக்கிற இடமாகப் பார் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று. இன்று ராத்திரி எந்தப் பணத்தையும் அனுப்பாதீர்கள். அந்த 3,500-ஐயும் அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு மோசடியின் அச்சு அசல் வடிவம், பெங்களூரில் வாடகை வீடு பிடித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு இந்தக் கதை வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கிறது. ஆள் ராணுவத்திலோ மத்தியப் பாதுகாப்புப் படையிலோ இருப்பதாகச் சொல்வார், தூரத்து ஊருக்கு மாற்றல் என்பார், அடையாள அட்டையைக் கேட்காமலே அனுப்புவார் (அது பெரும்பாலும் வேறு யாரிடமிருந்தோ ஏமாற்றி வாங்கிய அட்டையாக இருக்கும், அட்டையில் இருப்பவருக்கே இது தெரியாது), வாடகை அந்த ஏரியாவில் நடக்காத விலையாக இருக்கும், வீட்டைப் பார்ப்பதற்கே ஒரு கட்டணம் இருக்கும். பெல்லந்தூரில் கேட்டட் கம்யூனிட்டிக்குள் அத்தனை சாமானோடு இரண்டு பெட்ரூம் 17,000-க்கு வராது. அந்தக் காசுக்கு அங்கே ஒரு பெட்ரூம் வீடு கிடைப்பதே சிரமம்.

கேட் பாஸ் விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பெங்களூரு அபார்ட்மென்ட்களில் வாசல் செக்யூரிட்டி உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு, வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு உள்ளே விடுவார். இதற்குக் காசு கிடையாது. 3,500 அனுப்பியதும் என்ன நடக்கும் என்றால், அந்தத் தொகையைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி ஒரு க்யூஆர் கோடு அனுப்புவார்கள், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, நீங்கள் பின் போட்டால் உங்கள் கணக்கில் இருந்து பணம் போகிறது என்று மட்டும்தான் அர்த்தம். இதை உங்கள் அப்பாவிடமும் உட்கார வைத்துச் சொல்லுங்கள், அடுத்த போன் அவருக்குத்தான் வரும். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன்னால் முடக்க வாய்ப்பு இருப்பது ஆரம்ப நேரத்தில்தான்.

சரி, இனி வீட்டு விஷயம். பெங்களூரைப் பற்றிக் கேட்கிற எல்லாரிடமும் நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ஊரில் இருந்துகொண்டு ஏரியாவை முடிவு செய்யுங்கள், வீட்டை அங்கே போய் நின்று முடிவு செய்யுங்கள். ஏரியாவைக் கோவில்பட்டியில் உட்கார்ந்தே நன்றாக ஆராய முடியும், நேரில் போனால்கூட அந்த அளவுக்கு முடியாது. வீடு அப்படி இல்லை. குழாயில் வரும் தண்ணீர் உப்பா, பெட்ரூமில் போன் சிக்னல் வருகிறதா, ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தத் தெரு எப்படி இருக்கும் என்பதெல்லாம் போட்டோவில் வராது. அதனால் முதல் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு உங்கள் அம்மா சொல்வதுதான் சரி, பிஜியில் இருங்கள். அதற்கு முன்னால் கம்பெனி ஹெச்ஆரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வெளியூரில் இருந்து சேருபவர்களுக்கு முதல் பத்துப் பதினைந்து நாள் தங்க இடம் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு, ஆனால் நாம் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். அதே மெயிலில் இன்னொன்றும் கேளுங்கள்: ஆபீஸ் கேப் உண்டா, உண்டென்றால் எந்த எல்லை வரைக்கும் வரும். பாதிப் பேர் வீடு எடுத்த பிறகுதான் தங்கள் தெரு கேப் எல்லைக்கு வெளியே இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பிஜிக்கு நான் அழுத்தம் கொடுப்பதற்குப் பணமும் ஒரு காரணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்களும் தோழியும் 32,000 வாடகையில் இரண்டு பெட்ரூம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம், இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஐந்து ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறவர்களும் நிறைய. ஐந்து மாதம் என்றாலே 1,60,000. முதல் மாத வாடகை 32,000. புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன், அது இன்னொரு 32,000. ஆக 2,24,000, ஆளுக்குப் பாதி 1,12,000, அதுவும் முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னால். இதில் மெத்தை, கேஸ் அடுப்பு, பக்கெட் எதுவும் சேரவில்லை. அட்வான்ஸ் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசின் 2021-ம் வருஷத்து மாதிரி வாடகைச் சட்டம் சொல்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். அது மாதிரிச் சட்டம், மாநிலம் தன் சட்டமாக ஏற்றுக்கொண்டால்தான் செல்லும். பேரத்தில் அதைக் காட்டி யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. இரண்டு மாதம் அங்கே வேலை பார்த்து, சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரம் இல்லாமல் கேட்கிறவருக்குத்தான் அட்வான்ஸ் குறையும்.

இப்போது ஏரியா. கூகுள் மேப்பில் உங்கள் ஆபீஸைப் போட்டு, நீங்கள் யோசிக்கிற ஒவ்வொரு ஏரியாவில் இருந்தும் வழி பாருங்கள், ஆனால் இப்போதைய நேரத்துக்குப் பார்க்காதீர்கள், கிளம்பும் நேரத்தை மாற்றி செவ்வாய் அல்லது புதன் காலை ஒன்பது மணிக்கு எவ்வளவு, மாலை ஆறரைக்கு எவ்வளவு என்று பாருங்கள். வாரத்தின் நடு நாட்களில்தான் ஆபீஸுக்கு வருகிற கூட்டம் அதிகம், ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு இருபது நிமிஷம்தான் என்று நம்பி வந்தவர்கள் அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். பெங்களூரில் தூரத்தைக் கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை.

அப்புறம் விளம்பரங்களில் 'மெட்ரோ பக்கம்' என்று பார்த்ததும் மயங்காதீர்கள். எந்த மெட்ரோ, அது எங்கே போகிறது என்று கேளுங்கள். ஊதா லைன் 2023 அக்டோபரில் இருந்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும் முழுசாக ஓடுகிறது, அருமையான வசதி, ஆனால் பெல்லந்தூருக்கு அது வராது. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் லைன் ஆர்.வி. ரோட்டில் இருந்து சில்க் போர்டு சந்திப்பு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா போகிறது. உங்கள் ஆபீஸ் இருக்கிற அவுட்டர் ரிங் ரோட்டின் மெட்ரோவை இதை எழுதும்போது இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வேலையே அந்த ரோட்டின் நெரிசலுக்கு ஒரு காரணம். எலக்ட்ரானிக் சிட்டியில் வாடகை குறைவு, தெற்கில் இருந்து வரும் ஆம்னி பஸ் எல்லாம் ஓசூர் தாண்டி அந்த வழியாகத்தான் மடிவாளாவுக்குப் போகிறது, ஊருக்கு வந்துபோக வசதி என்று உங்கள் அப்பாவுக்குத் தோன்றும். வருஷத்துக்கு நாலைந்து முறை போகிற ஊருக்காக தினமும் மெட்ரோவும் அதற்கப்புறம் சில்க் போர்டில் பஸ்ஸும் மாறிப் போகிற வாழ்க்கையை முதல் வேலையிலேயே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் இரண்டு பேருக்கும் நான் முதலில் காட்டுவது ஹெச்எஸ்ஆர் லேஅவுட். பிடிஏ (பெங்களூரு வளர்ச்சி ஆணையம்) போட்ட பழைய லேஅவுட், தெருக்கள் ஒழுங்கு, காவிரித் தண்ணீர் இணைப்பு பரவலாக உண்டு, ராத்திரியிலும் கடை கண்ணி திறந்திருக்கும், பஸ் உண்டு. வாடகை கொஞ்சம் அதிகம். பெல்லந்தூருக்குள்ளேயே எடுத்தால் நடந்தே ஆபீஸ் போகலாம், அதற்கு ஈடான சுகம் அந்த ஊரில் வேறு இல்லை, ஆனால் தண்ணீர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கசவனஹள்ளி, ஹரளூர் பக்கம் வீடுகள் புதுசு, வாடகை கொஞ்சம் கம்மி, உள்ரோடுகள் குறுகல்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெங்களூரில் இரண்டு வீடுகளுக்கு நடுவே உண்மையான வித்தியாசம் இதுதான், டைல்ஸும் மாடுலர் கிச்சனும் இல்லை. பெல்லந்தூர், வர்த்தூர், சர்ஜாபுரா ரோடு பக்கம் நிறைய இடங்கள் 2007-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களில் அடக்கம். அதற்குப் பிறகும் பல வருஷம் காவிரி அந்தப் பக்கம் நிறைய இடங்களுக்கு வரவில்லை, போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது நல்ல வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்களும் பக்கெட் கணக்குப் பார்த்துக் குளித்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தை அந்த 110 கிராமங்களுக்காகவே தொடங்கினார்கள், ஆனால் குழாய் தெருவுக்கு வருவது வேறு, அந்தக் கட்டடம் இணைப்பு வாங்கியிருப்பது வேறு. ஆகவே ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாகக் கேட்க வேண்டும்: காவிரி இணைப்பு இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, போர்வெல் ஓடுகிறதா, டேங்கர் வாங்கினால் அந்தக் காசு மெயின்டனன்ஸில் சேருமா, தனியா. இதை உரிமையாளரிடம் கேட்டால் "நோ பிராப்ளம்" என்பார். செக்யூரிட்டியிடம் கேளுங்கள், அடுத்த வீட்டில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். கன்னடம் தெரியாவிட்டாலும் "நீரு பருத்தா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டால் பத்து நிமிஷம் பேசுவார்கள்.

ஊரில் இருந்தபடியே இதில் ஒரு பாதியைச் செய்யலாம். அபார்ட்மென்ட் பெயரைக் கூகுளில் போட்டு ரிவ்யூக்களைப் புதுசில் இருந்து பழசுக்கு வரிசைப்படுத்தி, மார்ச் முதல் மே வரைக்கும் எழுதியவற்றைத் தனியாகப் படியுங்கள், தண்ணீர்க் கோபம் எல்லாம் அங்கே இருக்கும். அதேபோல செப்டம்பர், அக்டோபர் ரிவ்யூக்களில் மழைக் கோபம். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடும் சர்ஜாபுரா ரோட்டுப் பக்கமும் முழங்கால், இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஆபீஸ் போனது நாடு முழுக்கச் செய்தியானது. ஏரிகளுக்கு இடையில் தண்ணீர் ஓடிய ராஜகால்வாய்களை அடைத்துக் கட்டியதன் விளைவு அது. எனவே அந்த வட்டாரத்தில் தரைத்தளம் வேண்டாம், வண்டி வைத்திருந்தால் பேஸ்மென்ட் பார்க்கிங்கும் யோசிக்க வேண்டிய விஷயம். 'லேக் வியூ' என்று போட்டிருந்தால் எந்த ஏரி என்று பாருங்கள். பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கி ரோட்டுக்கு வந்ததும், 2018 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்ததும் எல்லாருக்கும் தெரியும். தூர்வாரும் வேலை நடந்திருக்கிறது, ஆனாலும் கரையை ஒட்டிய ஜன்னலைத் திறந்துவைக்க முடிகிறதா என்று சாயங்காலம் போய்ப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

அம்மா கேட்ட தமிழ் ஆட்கள் விஷயம். அல்சூர், சிவாஜிநகர், விவேக் நகர், ஈஜிபுரா எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிற இடங்கள், அல்சூர் ஏரிக்கரையில் 2009-ல் திறந்த திருவள்ளுவர் சிலையே இருக்கிறது, தமிழ்ச் சங்கமும் அங்கேதான். ஆனால் அல்சூரில் இருந்து பெல்லந்தூருக்குத் தினமும் போய்வருவது உங்களை வாட்டிவிடும். உங்கள் அம்மாவின் கவலை மொழியைப் பற்றியது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன், அவசரத்துக்கு யார் வருவார்கள் என்பதுதான் அவர் கேட்பது. அதற்குப் பதில், ஆபீஸில் இரண்டு பேர், பக்கத்து வீட்டில் ஒருவர், இவர்களுடைய நம்பர் அம்மாவின் போனில் இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள்.

பிஜிக்கு மட்டும் ஊரில் இருந்தே இடம் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கொடுக்காதீர்கள், எத்தனை நாள் நோட்டீஸ், காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள், முடிந்தால் முதல் இரண்டு நாள் மட்டும் தினவாடகைக்கு இருந்து பார்த்துவிட்டுச் சேருங்கள், பெரும்பாலான இடங்களில் சம்மதிப்பார்கள்.

எவ்வளவு சொன்னாலும் சில சமயம் வீட்டையே தூரத்தில் இருந்து முடிக்க வேண்டிய நிலை வரும், தோழி வீட்டில் பிஜி வேண்டாம் என்று ஒரே பிடியாக நிற்கலாம். அப்படியானால் உங்கள் சார்பில் ஒரு மனிதர் அங்கே போய் நிற்க வேண்டும், கல்லூரி சீனியரோ ஹெச்ஆர் அறிமுகப்படுத்தும் சக ஊழியரோ. பதிவு செய்த வீடியோ ஏற்காதீர்கள். வீடியோ கால், அதுவும் தெருமுனையில் இருந்து தொடங்கி, கேட், லிஃப்ட், கதவு, பிறகு ஒவ்வொரு குழாயையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெஸ்காம் கரண்ட் பில்லில் இருக்கும் பெயர், சொத்து வரி ரசீதில் இருக்கும் பெயர், நீங்கள் பணம் அனுப்பப் போகும் வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் காரணம் கேளுங்கள். அப்பா பெயரில் பில், மகன் வாடகைக்கு விடுகிறார் என்பது சகஜம்தான், அப்போது அப்பாவோடும் பேசிவிடுங்கள். டோக்கன் ஐந்தாயிரத்துக்கு மேல் வேண்டாம், வீடு அமையாவிட்டால் திருப்பித் தருவதாக ஒரு வரி எழுத்தில் இருக்கட்டும். 'லீஸ்' என்று விளம்பரம் இருந்தால் அது மொத்தமாகப் பல லட்சம் கொடுத்துக் குடியிருக்கும் ஒத்தி முறை, அதன் பக்கமே போகாதீர்கள், நடுவில் ஒரு ஆள் பணத்தை வாங்கிக்கொண்டு உரிமையாளருக்கு வாடகை கட்டாமல் ஓடிவிடுகிற வழக்குகள் அதில்தான் அதிகம்.

அக்ரிமென்ட் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள், ஒரு வருஷத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால் நாடு முழுக்க இதுதான் பழக்கம், பயப்பட வேண்டாம். படித்துப் பார்க்க வேண்டியவை வேறு. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது பெங்களூரு வழக்கம், ஆறே மாதத்தில் போனாலும் முழுசாகப் பிடிப்பார்களா என்று கேட்டு எழுத வையுங்கள். லாக்-இன் (இத்தனை மாதம் கட்டாயம் இருக்க வேண்டும்) என்று ஒரு வரி இருந்தால் அதற்குள் காலி செய்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மெயின்டனன்ஸ் வாடகையில் சேர்ந்ததா, 11 மாதம் முடிந்ததும் எவ்வளவு ஏற்றுவார்கள், அட்வான்ஸை சாவி கொடுத்த அன்றே தருவார்களா. விருந்தினர் வரலாமா, இரவில் நேரக் கட்டுப்பாடு உண்டா, அசைவம் சமைக்கலாமா என்பதை எல்லாம் வாயால் கேட்டுத் தெளிவாக்குங்கள், கல்யாணமாகாத பெண்களுக்கு வீடு தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடிபோன பிறகு புதுப்புது விதிகள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் என்று முதல் பேச்சிலேயே தெரிந்தால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அக்ரிமென்டில் உங்கள் பெயர், தோழி பெயர் இரண்டும் இருக்க வேண்டும், அட்வான்ஸில் யார் எவ்வளவு கொடுத்தது என்பதும். தோழிக்கு நாளைக்கே வேறு ஊரில் வேலை கிடைக்கலாம், கல்யாணம் ஆகலாம். அப்போது அவருடைய பங்கை யார் தருவது, புது ஆளை யார் பிடிப்பது என்று இப்போதே இருவரும் ஒரு மெயிலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுவது ஐந்து நிமிஷ வேலை.

சாவி வாங்கிய அன்று, ஒரு பெட்டியைக்கூட உள்ளே வைப்பதற்கு முன்னால், சுவர்க் கறை, உடைந்த கைப்பிடி, கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணி ஓட்டை வரைக்கும் வீடியோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள், மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. இன்னொரு சின்ன விஷயம், கர்நாடகாவில் பெண்களுக்கு 2023 ஜூனில் இருந்து சாதாரண அரசு பஸ் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை இருந்தால்தான். உங்கள் கோவில்பட்டி ஆதாருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், அதனால் பஸ் செலவைப் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போனதும் ஹெச்எஸ்ஆரிலோ பெல்லந்தூரிலோ பிஜியில் இருந்துகொண்டு இரண்டு மூன்று சனிக்கிழமை வீடு பாருங்கள், பிடித்த வீட்டை வேலை நாளில் ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு தடவை போய்ப் பாருங்கள், பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்தே. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அக்ரிமென்ட் டிராஃப்டை எனக்கு அனுப்புங்கள், உரிமையாளரின் ஆதார் எண்ணை மறைத்துவிட்டு. படித்துவிட்டு எந்த வரியை மாற்றச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.